கிரேக்கருக்கு நாராயணவனத்தில் ஓர் அர்ச்சனை

ரேணிகுண்டா ஸ்டேஷன் எதிரே இன்று காலை டீ குடித்துக்கொண்டிருந்தேன். செல்போனில் ஒரு செய்தி: ஏதோ ஒரு சர்வதேசப் பரிசின் இறுதிப் பட்டியலில் ஒரு கிரேக்க எழுத்தாளர். அதே நேரம் பார்த்து, திருமலையிலிருந்து இறங்கி வந்த ஒரு குடும்பம் துளசி வாசனையோடு பக்கத்தில் உட்கார்ந்தது. கிரேக்கர், துளசி. இரண்டும் சேர்ந்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, டீ புரையேறி, அந்த வீட்டு மொட்டைத்தலைப் பெரியவர் என் தலையில் தட்டும்படி ஆகிவிட்டது. அவரிடம் எதை விளக்குவது? உங்களிடம் சொல்கிறேன்.

நகரி தபால் ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிநேகமானவர் முனிரத்தினம் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுப்பார். மிச்ச நேரமெல்லாம் ஒரு கிரேக்க நாவலை இங்கிலீஷ் வழியாகத் தமிழாக்கிக்கொண்டிருப்பார். எழுதியவர் பேரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும், விடுங்கள். விசைத்தறி கடகடக்கிற தெருவில் உட்கார்ந்துகொண்டு ஏஜியன் கடலின் அமைதியைத் தமிழில் எழுதிய ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். வருஷக்கணக்கான உழைப்பு. அவருக்கு இருந்த ஆசையோ சின்னது.

“நம்ம தெருவுல ஒருத்தராவது இதப் படிக்கணும்பா” என்பார்.

சென்னைப் பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: கிரேக்கருக்குப் பரிசு வந்தால் அச்சடிக்கிறேன், வராவிட்டால் கையெழுத்துப் பிரதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம்தான் கிரேக்கர் பேர் இறுதிப் பட்டியலில் வந்தது. வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் பக்கத்து ஆள் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வான்? கோயிலுக்குப் போவான். நாராயணவனத்துக்குப் பஸ் ஏறினோம்.

அர்ச்சனைக்கு நட்சத்திரம் வேண்டுமே. புத்தக அட்டையில் இருந்த பிறந்த தேதியை வைத்து, பஞ்சாங்கம் பார்த்து, கிரேக்கர் ரேவதி என்று நானே கண்டுபிடித்தேன். எனக்குப் பஞ்சாங்கத்தில் ராகுகாலத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது என்பது வேறு விஷயம்.

அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு பேரைக் கேட்டார். வாத்தியார் சொன்னார். மறுபடி கேட்டார். மறுபடியும் சொன்னார். “சரே, கோத்ரம்?” என்றார் அர்ச்சகர். நாங்கள் முழித்ததைப் பார்த்து அவரே விஷ்ணு கோத்திரம் என்று போட்டுக்கொண்டார்.

“ஏ ஊரு?”

“கிரீஸ், சாமி.”

“அதி எக்கட? பாகால தாட்டினாகா?” பாகாலா ஊரைத் தாண்டியா என்று கேட்கிறார்.

“அதுக்கும் கொஞ்சம் மேல, சாமி” என்றேன் நான்.

கோரிக்கை என்ன என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை. பெருமாளே கல்யாணம் பண்ணிக்கொண்ட ஊர் அது. அங்கே தட்டோடு வருகிறவர்கள் எதற்காக வருவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? கடகடவென்று மந்திரம் சொல்லி, “சீக்கிரமேவ விவாஹ பிராப்திரஸ்து” என்று கல்யாண ஆசீர்வாதத்தோடு முடித்து, கையில் ஒரு மஞ்சள் கயிற்றையும் வைத்துவிட்டார். வாத்தியார் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தார், ஒன்றும் காதில் விழவில்லை. கிரேக்கருக்கு அப்போது எழுபதுக்கு மேல். வெளியே வந்ததும் நான் விஷயத்தைச் சொன்னேன். “கெட்டது போ!” என்று தலையில் கைவைத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பரிசு வேறு யாருக்கோ போயிற்று. வாத்தியார் ஒரு வாரம் பரீட்சைப் பேப்பரில் பிள்ளைகளுக்கு மார்க்கைக் குறைத்து மனசை ஆற்றிக்கொண்டார், பாவம்.

தை மாசம் பேப்பரில் மூலையில் ஒரு துண்டுச் செய்தி. அந்தக் கிரேக்கருக்குக் கல்யாணம்! நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். டீக்கடையில் போய், அர்ச்சனையிலிருந்து ஆரம்பித்து, கைகால் வைத்துச் சொல்லித் தொலைத்தேன். மறுநாள் பள்ளிக்கூட வாசலில் வாத்தியார் தெருக்காரி கோமளா அக்கா நிற்கிறார். தறிக்காரர் வீடு. மகனுக்கு முப்பத்தஞ்சு தாண்டியும் பெண் அமையவில்லை.

“வாத்தியாரே, அந்த ஆளு எழுதன பொஸ்தகம் ஒண்ணு குடு. சாமி ரூம்ல வெச்சிக்கினா பையனுக்கு அமையுமாம்.”

அவருக்குப் பின்னாலேயே பாதி நகரியின் அம்மாக்கள் வந்தார்கள். பதிப்பாளர் காதுக்கு இதை நான்தான் கொண்டுபோனேன். அவர் உடனே அச்சுக்குக் கொடுத்தார். நகரி, புத்தூர், சித்தூர் என்று எல்லா இடத்திலும் புத்தகம் பறந்தது. வாங்கியவர்கள் மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். பலன் வெளியே போய்விடாமல் இருக்கக் குறுக்கே மஞ்சள் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்கள்.

“கயித்த அவுத்துட்டு ஒரு பக்கமாவது படிங்கம்மா!” என்று வாத்தியார் தெருவில் நின்று கத்துவார்.

“ஐயோ, அவுத்தா போச்சு வாத்தியாரே!”

சிரித்து மாளாது எனக்கு. அவரும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று, “எல்லாம் வித்துப்போச்சு, ஒருத்தரும் படிக்கலியேப்பா” என்றார். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோமளா அக்கா மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று. புத்தகத்தாலா, சூளூர்பேட்டைப் பக்கம் கம்பெனி வேலை கிடைத்ததாலா என்று கேட்காதீர்கள். வாத்தியார் போன ஆடியில் காலமானார். இன்று டீக்கடையிலிருந்து எழுந்தவன், இப்போது வேலை பார்க்கும் ரேணிகுண்டா ஆபீசுக்குப் போகவில்லை. அந்தப் புத்தகத்தைப் பார்க்கவேண்டும்போல இருந்தது. நகரிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

கோமளா அக்கா சாமி ரூமிலிருந்து எடுத்துவந்தார். கயிறு இல்லை. ஓரமெல்லாம் மடங்கி, நடுநடுவே எண்ணெய்க் கை பட்டிருந்தது.

“மருமவ வந்தப்புறம் அவுத்துட்டேன். தெனம் துன்னுட்டு உக்காந்து கொஞ்சம் கொஞ்சமா படிச்சிக்கினே இருந்தேன், ரெண்டு மாசம் முன்னதான் முடிச்சேன். ஏம்பா, அந்தப் பொண்ணு கடைசில கப்பல் ஏறிச்சா, இல்லியா? எழுதனவன் சொல்லாம வுட்டுட்டானே. வாத்தியாருக்குத் தெரிஞ்சிருக்கும். கேக்கலாம்னு பாத்தா மனுசன் இல்ல.”

நான் திரும்பித் தெருவைப் பார்த்தேன். வாத்தியார் வீடு எதிர் வரிசையில், நாலு வீடு தள்ளித்தான். பூட்டிக் கிடந்தது.