பிரசவ ஆஸ்பத்திரியின் நிலைப்படிகள்

இரண்டு கைகள் மட்டம் பார்க்கும் ரப்பர் குழாயின் நுனியில் செருகிய கண்ணாடிக் குழலைச் சுவரோடு ஒட்டிப் பிடித்திருந்தன. குழலுக்குள் தண்ணீர் மேலும் கீழும் ஆடியது. கைகள் அவசரப்படவில்லை. அடுத்த அறையில் குழாயின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் "நின்னுடுச்சுங்க" என்று குரல் கொடுத்த பிறகும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கரித்துண்டை எடுத்து ஒரு கோடு இழுத்தன. அதற்குக் கீழே, நாலு விரற்கடை இறக்கத்தில், பழைய கோடு ஒன்று இருந்தது. அதையும் இதே கைகள்தான் சில மாதங்களுக்கு முன்பு இழுத்திருந்தன. இப்போது ஈரத் துணியால் அதை அழித்தன.

கைகளுக்குச் சொந்தக்காரர் சின்னப்பராஜ். அரசாங்கக் கட்டட வேலையில் செக்‌ஷன் ஆபீசர். சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த நேரம் அது. ஆபீசுகள் பாதி வாடகை வீடுகளில் இருந்தன. பள்ளிக்கூடம், கிடங்கு, ஆஸ்பத்திரி என்று எங்கே பார்த்தாலும் அஸ்திவாரக் குழிகள். அந்தக் குழிகளில் பலவற்றுக்குள் நின்று அண்ணாந்து பேசியவர் சின்னப்பராஜ்.

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் குடியானவர் வீட்டில் பிறந்தவர். சேலத்தில் டிப்ளமா முடித்து வேலையில் சேர்ந்தார். வரைபடம் போடுகிறவர், கொத்து மேஸ்திரி, ஆசாரி, கம்பி கட்டுகிறவர், மின்சார வேலைக்காரர் எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டி இழுப்பதுதான் அவருடைய வேலை. அதில் அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. காகிதத்தில் முதல் கோடு விழும் முன்னால், அந்தக் கட்டடத்தில் காலம் தள்ளப்போகிறவர் யாரோ அவரைப் போய்ப் பார்த்துவிடுவார். மொரப்பூரில் தானியக் கிடங்கு கட்டியபோது ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர்களோடு உட்கார்ந்து, எவ்வளவு உயரத்தில் மேடை இருந்தால் முதுகு வலிக்காது என்று கேட்டுக்கொண்டு வந்தவர். ஆபீசில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த வேலைக்கும் அப்படியே போவார்.

பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கல் சாலையோரம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கட்ட உத்தரவு வந்தபோது அவர் தேடிப்போனது நர்சம்மா ஜானகியம்மாளை. அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே அவர் ஒருவர்தான். வாடகைக்குப் பிடித்த ஓட்டு வீட்டில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். காட்டோரத்து ஊர்களிலிருந்து பெண்களைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கி வருவார்கள். அந்த வீட்டில் தெருக்கதவுக்கு ஒரு படி, நடைக்கு ஒரு படி, உள்ளறைக்கு ஒரு படி. ஒவ்வொன்றிலும் கட்டிலைச் சாய்த்து ஏற்றிச் சாய்த்து இறக்க வேண்டும். போன மாரியில் உதிரப்போக்கோடு வந்த ஒரு பெண், மூன்றாவது படியைத் தாண்டும்போது கண் செருகிப்போனாள். அப்புறம் திறக்கவே இல்லை. ஜானகியம்மாள் அழாமல்தான் இதைச் சொன்னார்.

"எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாங்க சார். ஜன்னல் எங்க வேணா வைங்க, சுண்ணாம்பு எந்தக் கலர்ல வேணா அடிங்க. ரோட்டுல இருந்து பிரசவ மேசை வரைக்கும் வண்டி ஒரு குலுக்கல் இல்லாம உள்ள வரணும். அது ஒண்ணு போதுங்க."

சின்னப்பராஜ் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அவருக்குக் கீழே வரைபடம் போட்ட முனிராஜ், ஓசூர்ப் பக்கத்துப் பையன், கையெழுத்தைப் போலவே கோடும் சுத்தம். சாலையிலிருந்து சாய்தளம், அகலமான வராந்தா, வண்டி திரும்ப இடம், எல்லாம் வந்தன. கதவுக்கு நிலை என்று போட்டிருந்தான். நிலைக்கு அடியில் படி வரக்கூடாது என்று தனியாக எழுதவில்லை. எழுத வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, சரிபார்த்த சின்னப்பராஜுக்கும் தோன்றவில்லை.

நிலை வைக்கும் நாள் நல்லபடியாக நடந்தது. சென்றாயன் ஆசாரி வேம்பும் வேங்கையுமாக இழைத்து வைத்திருந்த நிலைகளுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, அடியில் நவதானியம் போட்டு நிறுத்தினார்கள். சின்னப்பராஜும் பக்கத்தில் நின்று தூக்குக்குண்டு பிடித்தார். இரண்டு கால், தலையில் ஒரு சட்டம், அடியில் ஒரு படி. நாலும் சேர்ந்தால்தான் நிலை. அங்கே நின்ற ஒருவர்கூட அதற்கு வேறு மாதிரி ஒரு நிலையைப் பார்த்து வளர்ந்தவர் இல்லை. நேராக நிற்கிறதா என்று பார்த்தார்கள், நின்றது. எல்லோரும் பொரி வாங்கித் தின்றார்கள். நஞ்சப்பன் மேஸ்திரி அடுத்த நாளே சுவரை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்.

கூரைக் கான்கிரீட்டும் போட்டு முடிந்து, தரை மட்டும் பாக்கி இருந்த சமயத்தில், சேலத்திலிருந்து லாரியில் ஆஸ்பத்திரிச் சாமான்கள் முன்னாலேயே வந்து இறங்கின. அவற்றில் ஒரு தள்ளுவண்டியும் இருந்தது. மழைக்கு நனையக்கூடாது என்று ஆட்கள் அதை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். வாசலில் சக்கரம் முட்டி நின்றது. நாலு பேர் சேர்ந்து தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். அடுத்த வாசலிலும் அப்படியே. வீட்டுக்குள் எதைக் கொண்டுபோனாலும் செய்கிற காரியம்தானே.

சின்னப்பராஜ் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாசலில் அவர்கள் குனிந்தபோது அவருக்கு நர்சம்மா சொன்ன மூன்றாவது படி நினைவுக்கு வந்தது. "இறக்குங்க" என்றார். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வண்டிய அப்படியே விடுங்க. தூக்காதீங்க."

வாசல் வாசலாக நடந்து பார்த்தார். ஒவ்வொன்றிலும் அவர் கால் தானாகவே உயர்ந்து தாண்டியது. இத்தனை மாதமும் அப்படித்தான் தாண்டியிருக்கிறது.

முதலில் அவருக்கும் தோன்றியது அறுத்துவிடலாம் என்றுதான். சென்றாயன் ஆசாரியைக் கூப்பிட்டு, ஒரு படியை மட்டும் அறுத்துப் பார்க்கலாம் என்றார். ஆசாரி ரம்பத்தைத் தொடவில்லை. வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்:

"படி இல்லாத மூணு சட்டம் மாட்டுக் கொட்டாய்க்குத்தாங்க போடுவோம். முன்னாடியே சொல்லியிருந்தா வேற ஆளைப் பாருங்கன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். இப்போ மஞ்சள் வச்சு நிறுத்துனதை அறுக்கச் சொல்றீங்க. என் கையால ஆவாதுங்க."

"மனுசங்களுக்குத்தான் படி, மாட்டுக்கு வேணாங்கறீங்க. மாடு சுளுவா உள்ள போயிடுது பாருங்க ஆசாரி" என்றார் சின்னப்பராஜ், கசப்போடு.

கலவைச் சட்டி சுமந்துகொண்டிருந்த சித்தாள் பெண்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். அவர்களில் காசியம்மாளுக்கு ஐந்தாம் மாதம். இரண்டு பிள்ளைகளை வீட்டிலேயே பெற்று, ஒன்றை இழந்தவள். இந்தச் சுவருக்குச் செங்கல் எடுத்துக் கொடுக்கும்போதே, இந்தப் பிள்ளையை இங்கேதான் பெறுவேன் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். சட்டியை இறக்கிவிட்டு அவள் கேட்டது:

"படிய அறுக்கறதுன்னா வூட்டை மூடறதுன்னு அர்த்தங்க எங்க ஊர்ல. அறுத்த வாசல் வழியா வயித்துப் பிள்ளையோட எப்படிங்க உள்ள வர்றது? நான் வந்தாலும் என் மாமியா வுடாது."

கூட இருந்த பெண்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். சின்னப்பராஜுக்கு இரண்டு பக்கமும் தெரிந்துவிட்டது. படி இருந்தால் வண்டி வராது. படியை அறுத்தால் வண்டி வரும், அதன்மேல் படுக்க ஆள் வராது. இரண்டில் எது நடந்தாலும் இது ஆஸ்பத்திரி ஆகாது, அரசாங்கக் கணக்கில் ஒரு கட்டடம் மட்டும்தான்.

அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து படியையும், இன்னும் மூடாத மண் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். கையை விரித்து மண்ணிலிருந்து படியின் தலைவரை அளந்தார். முன்பு போட்ட தரைக் கோட்டுக்கும் படியின் தலைக்கும் நாலு விரற்கடைதான் வித்தியாசம். படியைத் தரைக்கு இறக்க முடியாது, சரி. தரையைப் படிக்கு ஏற்றினால்?

"மேஸ்திரி," என்று கூப்பிட்டார், "படி கண்ணுக்குத் தெரியணும், காலுக்குத் தெரியக்கூடாது. தரை முழுக்க அது வரைக்கும் ஏத்திடலாமா?"

நஞ்சப்பன் மேஸ்திரி உடனே தலையாட்டுகிறவர் இல்லை. தரையை ஏற்றினால் பிரசவ அறைத் தண்ணீர்க் குழாய் பள்ளத்தில் போய்விடும், அதைப் பெயர்த்து உயர்த்த வேண்டும். கதவுகளின் அடியைக் குறைக்க வேண்டும். வராந்தாவும் கூடவே ஏறும். வாசலில் தடுப்பு இல்லாததால் சாரல் உள்ளே ஓடும். சாய்தளம் போதாது. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். சொல்லி முடித்ததும் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஆவுங்க. ஆனா எல்லாத்தையும் திரும்பப் பண்ணணும்."

"பண்ணுவோம்" என்றார் சின்னப்பராஜ்.

இரண்டு நாளில் பெரிய இன்ஜினியர் ஜீப்பில் வந்தார். மழைக்காலத்துக்கு முன்னால் திறந்தாக வேண்டும் என்று மேலேயிருந்து நெருக்குகிறார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. அறுத்தால் ஒரு நாள் வேலை, இதற்கு எதற்குத் தரையை ஏற்றுவது என்றார். பிறகு கொஞ்சம் குத்தலாக, "நீர் மாதா கோயிலுக்குப் போற கிறிஸ்தவர். உமக்கென்னய்யா படியும் மஞ்சளும்?" என்று கேட்டார்.

"என் ஆத்தாவும் வாசப்படியில உக்கார வுடமாட்டாங்க சார்" என்றார் சின்னப்பராஜ். "அறுத்தா ஒரு நாள் வேலைதாங்க. அதுக்கப்புறம் வருசம் பூரா இது காலியாக் கிடக்கும். சொன்ன தேதியில நான் முடிச்சுத் தர்றேன். தேதி தள்ளுனா அப்ப அறுக்கச் சொல்லுங்க."

பெரியவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். சின்னப்பராஜ் தலை குனியவில்லை. "தேதி தள்ளக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அதற்கு அடுத்த நாள் காலையில்தான் ரப்பர் குழாயும் கரித்துண்டும் வந்தன. கோடு முடிந்த அறையில் உடனே கிராவல் மண் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்தார்கள். ஒரு அறையில் இடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அறையில் குழாய் உயர்ந்தது, அதற்கும் பக்கத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் விழுந்தன. ஒருவர் வேலை இன்னொருவர் காலில் இடறாமல் பார்த்துக்கொள்வதே சின்னப்பராஜுக்கு முழுநேர வேலையாக இருந்தது. சென்றாயன் ஆசாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். ஆனால் படி மிஞ்சுகிறது என்று தெரிந்ததும் அவராகவே இழைப்புளியை எடுத்து ஒவ்வொரு படியின் மேல்விளிம்பையும் வழவழவென்று சீவினார். தரையும் மரமும் சேரும் இடத்தில் நகம் மாட்டினால்கூட மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினார். இதனால் இருவருக்கும் வாய்ச்சண்டை வராத நாள் இல்லை.

மிஞ்சியது சாய்தளம். கட்டடம் உயர்ந்துவிட்டது, சாலையோ அதே இடத்தில் இருக்கிறது. நீளத்தைக் கூட்ட இடமில்லை, சரிவைக் கொஞ்சம் செங்குத்தாக்கினால் போதும் என்று முனிராஜ் புதுக் கோடு போட்டுக் கொண்டுவந்தான். சின்னப்பராஜ் அதைத் திருத்தவில்லை. அந்தச் சரிவுக்குப் பலகை சாய்க்கச் சொன்னார். தள்ளுவண்டியில் இரண்டு சாக்கு மணலை ஏற்றினார். "நர்சம்மா தனியாத்தான் இருப்பாங்க. நீ தனியாத் தள்ளு" என்றார்.

முனிராஜ் பாதி தூரம் ஏற்றினான். அப்புறம் வண்டி அவனைத் தள்ளிக்கொண்டு கீழே வந்தது. சித்தாள் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். காசியம்மாள் மட்டும் மூடவில்லை.

"நல்ல வேளை தம்பி, அது மணலு. நானா இருந்திருந்தா ரோட்டுலயே பெத்திருப்பேன்."

மறுநாள் வந்த வரைபடத்தில் சாய்தளம் சுவரை ஒட்டிப் பாதி ஏறி, நடுவில் ஒரு சமதளத்தில் திரும்பி, மறுபடி மெல்ல ஏறியது. முனிராஜே பலகை போட்டு, மணலை ஏற்றி, தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் காட்டினான்.

ஆடிச் சாரல் ஒரு நாள் வேகமாக அடித்தது. எல்லோரும் உள்ளே ஒதுங்க, சின்னப்பராஜ் மட்டும் வராந்தாவில் நனைந்துகொண்டு நின்றார். வெளிப்பக்கம் சாய்த்துப் போட்டிருந்த தரையில் தண்ணீர் விழுந்து, சற்றே தயங்கி, வெளியே ஓடியது. ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அளவு தேங்கியது. மழை விட்டதும் அந்த மூலையைக் கொத்தச் சொன்னார். மேஸ்திரி முனகிக்கொண்டே கொத்தினார்.

சொன்ன தேதி வந்தது. பெரிய மனிதர்கள் காலையில் வந்து ரிப்பன் வெட்டி, பேசி, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் சின்னப்பராஜ் சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு ஜானகியம்மாளிடம் வந்தார். நர்சம்மா கை நீட்டவில்லை.

"இருங்க சார். வாங்கறதுக்கு முன்ன நான் பார்க்கணும்."

புது வீட்டுக்குள் முதலில் நிறைகுடம் போக வேண்டும் என்று ஊர்ப் பெண்கள் ஒரு பித்தளைக் குடத்தில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். ஜானகியம்மாள் தள்ளுவண்டியைச் சாலையோரம் கொண்டுவரச் சொன்னார். கூட்டத்தில் நிறைமாத வயிற்றோடு நின்ற காசியம்மாளைப் பார்த்து, ஏறு என்றார்.

"வலி இன்னும் வரலீங்களேம்மா."

"வந்தப்புறம் பயப்படாம இருக்க, இப்பவே ஏறிப் பழகிக்கோ."

காசியம்மாள் கூச்சத்தோடு ஏறிச் சாய்ந்து உட்கார்ந்தாள். குடத்தை அவள் மடியை ஒட்டி வைத்தார்கள். அவளுடைய மாமியார் பெரியம்மாள், இத்தனை நாளும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர், முன்னால் போய் முதல் வாசலைக் குனிந்து பார்த்தார். தரையோடு தரையாக, வேங்கை மரப்படி மஞ்சளும் பொட்டுமாகக் குறுக்கே கிடந்தது. விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒதுங்கி வழிவிட்டார்.

ஜானகியம்மாள் தனியாகத் தள்ளினார். சாய்தளத்தில் ஏறி, சமதளத்தில் திரும்பி, மறுபடி ஏறி, வராந்தா வழியாக முதல் படி, இரண்டாவது படி, பிரசவ அறைப் படி. சின்னப்பராஜ் பின்னாலேயே தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆசாரியும் மேஸ்திரியும் முனிராஜும் அவருக்குப் பின்னால். பிரசவ மேசையின் பக்கத்தில் வண்டி நின்றது. குடத்தில் தண்ணீர் விளிம்பில் வட்டமிட்டு அடங்கியது.

"அந்தத் திருப்பத்துல ஒரு சொட்டு சிந்துச்சுங்க" என்றாள் காசியம்மாள், ஈரமான சேலையைக் காட்டி.

"பார்த்தேன்மா" என்றார் சின்னப்பராஜ். "நாளைக்கு வந்து தேய்ச்சுவுடச் சொல்றேன்."

"நாளைக்கு நான் வேலையா இருப்பேன் சார். சத்தம் போடாம தேய்க்கச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே ஜானகியம்மாள் கையைப் புடவையில் துடைத்து நீட்டினார். சின்னப்பராஜ் சாவிக் கொத்தை அந்தக் கையில் வைத்தார்.