வரம்பில் ஆள் இல்லாத படம்

என் மச்சான் காலிதீனுக்கு மனிதர்களைப் படம் பிடிக்கப் பிடிக்காது. கல்முனை பிரதான வீதியில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் இப்படி இருந்தால் வீட்டில் அடுப்பு எரியுமா? அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் வருபவர்களை ஸ்டூலில் இருத்தி, நாடியை நிமிர்த்தி, "அசையாதீங்க" என்று சொல்லி, பட்டென்று பிடித்து அனுப்பிவிடுவார். அதுவும் வேண்டாவெறுப்பாக. அவருடைய உயிரெல்லாம் வயலிலும் வானத்திலும் இருந்தது.

என் தங்கை ஜுனைதாவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர். ஸ்டூடியோவுக்குப் பக்கத்திலேயே என் புடவைக்கடை. அதனால் அவருடைய கிறுக்குகளை வீட்டிலும் பார்த்தேன், கடையிலும் பார்த்தேன். நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் ஸ்டூடியோவைச் சாத்திவிட்டு, கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். எங்கள் பக்கத்தில் சூரியன் கடலில் எழும்பி வயலில் விழுகிறது. அது விழும் நேரத்துக்கு அவர் ஏதாவதொரு வரம்பில் நிற்க வேண்டும்.

சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று படம் பிடிப்பதுதான் எல்லோரும் செய்வது. இவர் கமராவைச் சூரியனுக்கு நேரே திருப்புவார். அப்போதுதான் தண்ணீர் மினுங்குமாம், மரம் கறுத்து எடுப்பாக நிற்குமாம். வரம்பு ஒரு மூலையில் புகுந்து படத்துக்குள்ளே போக வேண்டும். தொடுவானம் படத்தை நடுவில் அறுக்கக் கூடாது. வானத்துக்கு நிறைய இடம் விட வேண்டும். சாப்பாட்டுக்கு முன் இருந்துகொண்டு இதையெல்லாம் கையால் காற்றில் கீறிக் காட்டுவார். ஜுனைதா "மீன் ஆறுது" என்பாள். அவருக்குக் கேட்காது.

அந்தப் படங்களை வாங்கவும் ஆட்கள் இருந்தார்கள். எங்கள் வீடுகளில் உயிருள்ளவற்றின் படத்தைச் சுவரில் மாட்டுவதில்லை. உருவம் தொங்கும் வீட்டுக்கு றஹ்மத்துடைய மலக்குகள், அருள் கொண்டுவரும் வானவர்கள், வரமாட்டார்கள் என்பது சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது. ஆனால், புதிதாகக் கல்வீடு கட்டி வெள்ளையடித்தவர்களுக்கு ஹோல் சுவர் மொட்டையாக இருப்பதும் பிடிப்பதில்லை. காலிதீனின் வயல்கள் அவர்களுக்கு வசதியாக இருந்தன. மரம் இருக்கும், மலை இருக்கும், தண்ணீர் இருக்கும். மாடோ மனிதனோ கொக்கோ இருக்காது. ஒரு கொக்கு எழும்பிப் போகட்டும் என்று காத்திருந்து கடைசி பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறார். நற்பிட்டிமுனையிலிருந்து என் கடைக்கு வரும் வேலப்போடி ஒருநாள் ஸ்டூடியோச் சுவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, விதைச்சவனயும் காணல்ல, வெட்டினவனயும் காணல்ல. வேளாண்மை தானா முளைச்சதோ?" என்று கேட்டார். காலிதீன் சிரித்து மழுப்பினார்.

வரிப்பத்தான்சேனை வட்டையில், அந்த ஊர் வயல்வெளியில், உதுமாலெவ்வை என்று ஒரு விவசாயி இருந்தார். வயலுக்கு நடுவே காவலுக்குப் போட்ட அவருடைய வாடியில்தான் காலிதீன் வெயில் தணியும்வரை ஒதுங்குவார். அவரும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து உபசரிப்பார். கமராவை வெளியே எடுத்தால் போதும், ஆசையாக வந்து முன்னால் நின்றுவிடுவார். அண்ணனைக் கூப்பிடுவது போல அவரை 'காக்கா' என்பார் காலிதீன்.

"காக்கா, கொஞ்சம் அங்கால போங்க."

"நான் நிண்டா படம் பழுதாப் போகுமா தம்பி?"

"பழுதாப் போகா காக்கா. விக்காது."

உதுமாலெவ்வை கோபிக்காமல் ஒதுங்குவார். கோபிக்கத் தெரியாத மனிதர் அவர்.

எழுபத்தேழில், மழைக்காலப் பெரும்போகத்துக்கு உழவு நடந்த நாட்கள். வயலெல்லாம் தண்ணீர் கட்டி நின்றது. மழை விட்டு, மேற்கே மேகம் கிழிந்து, அந்தக் கிழிசலால் வெளிச்சம் வந்து தண்ணீர் முழுவதும் பரவியது. காலிதீன் வருடக்கணக்காகப் பார்த்திருந்த வெளிச்சம். அவர் கமராவைக் குனிந்து பார்த்த அதே நேரத்தில் உதுமாலெவ்வை மண்வெட்டியைத் தோளில் போட்டபடி வரம்பில் ஏறி நின்றார். சத்தம் போட்டு விலக்குவதற்குள் மேகம் மூடிவிடும். காலிதீன் பொத்தானை அமத்திவிட்டார். "இண்டைக்கு என்னயும் பிடிச்சிட்டீங்க போல" என்று உதுமாலெவ்வை சிரித்தாராம். மேகம் மூடிக்கொண்டது. இரண்டாவது படம் கிடைக்கவில்லை.

அந்தப் படத்தை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. நெகடிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா? வெளிச்சமான வானம் கறுப்பாக இருக்கும். கறுத்து நிற்கும் ஆள் கண்ணாடி போலத் தெளிந்திருப்பார். அந்தத் தெளிந்த இடத்தை மெல்லிய தூரிகையால் சாயம் பூசி மூடிவிட்டால், அச்சிடும்போது ஆள் நின்ற இடம் வானமாகிவிடும். காலிதீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைச் செய்தார். படத்தைப் பார்த்தால் அங்கே ஒருவர் நின்றார் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டீர்கள். "ஆள விழுங்கிட்டீங்களே மச்சான்" என்று நான் மெச்சினேன். அந்தப் படம்தான் அவருடைய படங்களிலேயே அதிகம் விற்றது. எங்கள் தெருவிலேயே எத்தனை வீடுகளில் அது தொங்கியது!

அடுத்த ஆண்டு கார்த்திகையில் புயல் வந்தது. அதைப் பற்றி நான் இங்கே விரிக்கப் போவதில்லை; எங்கள் பக்கத்தில் அதைப் பற்றிச் சொல்லாதவர் இல்லை. ஸ்டூடியோவின் கூரை போனது. விற்காமல் இருந்த படங்கள் மழையில் ஊறிக் கூழாயின. நெகடிவ்கள் மட்டும் பிஸ்கட் தகரத்துக்குள் இருந்ததால் தப்பின. வரிப்பத்தான்சேனையில், வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போன உதுமாலெவ்வையை வாடியோடு மரம் விழுந்து கொன்றுவிட்டது.

அவருடைய மனைவி கைருன்னிஸா அப்போது கல்முனையில் இருந்தாள். தலைப்பிள்ளை. ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கட்டும் என்று அவளுடைய உம்மாவின் தங்கை, சாச்சி வீட்டில் விட்டிருந்தார்கள். தென்னை மரங்கள் விழுந்து பாதையெல்லாம் அடைபட்டுக் கிடந்தன. பாதை திறக்குமுன் அங்கிருந்தவர்கள் அவருடைய மையத்தை அடக்கம் செய்துவிட்டார்கள். அவள் முகம் பார்க்கவில்லை. கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்க வேண்டிய இத்தாவும் அந்த வீட்டிலேயே இருந்தாள். வெளியே இறங்க முடியாது, அந்நிய ஆண்களைப் பார்க்க முடியாது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது சுவரை. அந்தச் சுவரில் காலிதீனின் படம் தொங்கியது.

பெண் பிள்ளை பிறந்து, இத்தா முடிந்து, நாற்பதும் கழிந்தபின் அவள் சாச்சியோடு ஸ்டூடியோவுக்கு வந்தாள். பிள்ளை தோளில் தூங்கியது. நான் அப்போது அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். புதிதாகப் போட்ட தகரக் கூரையின் கீழ் நின்று, சலாம் சொன்ன கையோடு கேட்டாள்.

"காக்கா, எங்கட வட்டையில பிடிச்ச படத்துல என்ட மாப்பிள நிண்டாரே. எங்க அவர்?"

காலிதீனுக்கு முகம் செத்துப்போனது.

"அண்டைக்குப் பின்னேரம் வந்து சென்னாரு, 'படக்காரத் தம்பி என்னயும் பிடிச்சிட்டாரு' எண்டு. அந்த வரம்பும் மரமும் எனக்குத் தெரியும். இத்தாவுல இருந்த நாளெல்லாம் அதத்தான் பார்த்தன். அவர மட்டும் காணல்ல."

"வேற படம் ஒண்டும் இல்லயா புள்ள?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"இல்ல காக்கா. அடையாள அட்டைக்குப் பிடிப்பம், போகம் முடியட்டும் எண்டாரு." அவள் காலிதீனின் பக்கம் திரும்பினாள். "எனக்கு முகம் மறந்து போகுது. முதல்ல கண்ண மூடினா வருவாரு. இப்ப சட்ட வருது, சாரன் வருது, முகம் வருதில்ல. இந்தப் புள்ள கேட்டா நான் என்னத்தக் காட்டுற?"

காலிதீன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "நான்தான் மறைச்ச தங்கச்சி. எடுத்துப் பாக்கிறன். வருமா எண்டு தெரியா."

தெரியாதுதான். சாயத்தைத் தண்ணீரால் கழுவலாம்; ஆனால் அது காய்ந்து ஒரு வருடத்துக்கு மேல். அழுத்தித் துடைத்தால் அடியிலிருக்கும் படமும் உரிந்து வந்துவிடும். அந்த மனிதர் உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே இடம் அதுதான். ஜுனைதா கிணற்றிலிருந்து குளிர்ந்த தண்ணீர் அள்ளி, துணியில் வடித்துக் கொடுத்தாள். காலிதீன் நெகடிவை அதில் போட்டுவிட்டு, பஞ்சால் தொட்டார், எடுத்தார், பார்த்தார், மறுபடியும் தொட்டார். சாயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்தது.

அச்சிடும்போது நானும் இருட்டறைக்குள் நின்றேன். மருந்துத் தட்டில் கடதாசி வெள்ளையாகக் கிடந்தது. முதலில் மலை வந்தது, பிறகு மரம், வரம்பு. வரம்பின் மேல் ஒரு மனிதர் வந்து நின்றார். தோளில் மண்வெட்டி, மடித்துக் கட்டிய சாரன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். காலிதீன் குனிந்து முகத்தைப் பார்த்தார். முகம் கறுப்பு. கண்ணில்லை, மூக்கில்லை.

எத்தனையோ விதமாக அச்சிட்டுப் பார்த்தார். வெளிச்சத்தைக் கூட்டினார், குறைத்தார், கையால் மறைத்தார். சூரியன் உதுமாலெவ்வையின் முதுகுக்குப் பின்னால் நின்றது. முகத்தில் வெளிச்சம் விழவில்லை; விழாத வெளிச்சத்தைப் பிலிமிலிருந்து எப்படி எடுப்பது? சூரியனுக்கு நேரே கமராவைத் திருப்புகிறேன் என்று அவர் பெருமையடித்ததெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது. பாவமாக இருந்தது.

"மெல்லிசா ஒரு கண்ணும் மூக்கும் போட்டு விடுங்க மச்சான். சின்ன உருவம்தானே. அவக்கு எங்க தெரியப்போகுது" என்றேன்.

"முகம் மறந்தவக்கு நான் ஒரு முகத்தக் குடுத்தா, மவுத்தாகுமட்டும் அதத்தான் வச்சிருப்பா. அது அவர்ர முகமில்ல மச்சான்" என்றார் காலிதீன். 

கைருன்னிஸா படத்தை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். நெடுநேரம் பார்த்தாள்.

"முகம் இருட்டாப் போச்சு தங்கச்சி. நான் வெளிச்சத்துக்கு எதிரா..." என்று காலிதீன் தொடங்கினார்.

"அவர்தான்" என்றாள் அவள். "ஒரு கால ஊண்டி மத்தக் கால தளர விட்டுட்டு, இப்படித்தான் நிப்பாரு. வயலால வாற நேரமும் இப்படித்தான் காக்கா. பின்னால பொழுது நிக்கும், முகம் தெரியா. அவர் நிக்கிற நிலைய வச்சித்தான் நான் கதவத் திறப்பன்." அவள் அழுதாள். அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்த அழுகை. பிள்ளை விழித்துக்கொண்டு அதுவும் அழுதது.

அழுது ஓய்ந்ததும், "இத நான் பெட்டிக்குள்ள வச்சிக்கிறன். சுவர்ல மாட்ட எனக்கு மத்தப் படமும் வேணும்" என்றாள்.

"மத்தப் படமெண்டா?"

"ஆள் இல்லாத படம். நான் தொழுற அறையில மாட்டணும், உருவம் இரிக்கக் கூடா. அவர மூடித் தாங்க காக்கா. அவர் எங்க நிக்காரெண்டு எனக்குத் தெரியும்தானே."

காலிதீன் மறுபடியும் தூரிகையை எடுத்தார். முதல் தடவை அந்த மனிதரை மூடியபோது வாயில் ஏதோ பாட்டு இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. இந்தத் தடவை, கண்ணீர் விழுந்தால் சாயம் கலங்கிவிடும் என்று, நிமிர்ந்து நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு செய்தார்.

அதற்குப் பிறகு அவர் எவரையும் ஒதுங்கச் சொல்லவில்லை. எண்பதுகளில் கலர் பிலிம் வந்தது, கல்வீடுகள் பெருகின, ஆளில்லாத வயல்களும் தாராளமாக விற்றன. ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கினால் அவருடைய முதல் வேலை, வயலில் நிற்பவர்களைக் கூப்பிட்டு, சூரியனைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி, ஒரு படம் பிடிப்பதுதான். கண் கூசுகிறது என்பார்கள். "கூசட்டும், முகத்தத் திருப்பாதீங்க" என்பார். காசு வாங்காமல் அடுத்த தடவை கொண்டுபோய்க் கொடுப்பார். மாட்டாவிட்டால் பெட்டியில் போட்டு வையுங்கள் என்று சொல்லிவிட்டு வருவார். எங்கள் பக்கத்தில் காலம் கெட்டுப்போன நாட்களும் வந்தன. அந்தப் படங்களைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டிவந்த வீடுகளும் உண்டு.

எண்பத்தாறில் ஒரு கலியாணத்துக்காக நாங்கள் இருவரும் வரிப்பத்தான்சேனைக்குப் போனோம். கைருன்னிஸா கணவனின் காணியில் வீடு கட்டிக் குடியிருந்தாள். பின்னேர அசர் தொழுகைக்கு எங்களுக்கு அவளுடைய தொழுகை அறையில்தான் பாய் விரித்தார்கள். தொழுது முடித்து எழும்பினால், சுவரில் அந்தப் படம். பள்ளிக்குப் போகும் வயதில் இருந்த மகள் மர்ழியா கதவடியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல படம்தான் மகள். ஆனா ஒருத்தரயும் காணல்லயே" என்றேன், சும்மா சீண்டுவதற்கு.

கண் தெரியாதவனைப் பார்ப்பது போல அவள் என்னைப் பார்த்தாள். கதிரையை இழுத்துப் போட்டு ஏறினாள். வரம்புக்கு மேலே, வெறும் வானத்தில், விரலை வைத்தாள்.

"இந்தா நிக்காரு, எங்கட வாப்பா."

காலிதீன் கிட்டப் போனார். நானும் போனேன். படத்தின் கண்ணாடி துடைத்துத் துப்புரவாக இருந்தது. அந்த ஓர் இடம் மட்டும் விரல் பட்டுப் பட்டு மங்கியிருந்தது. மர்ழியாவின் சின்ன விரல் தடங்களோடு பெரிய விரல் தடங்களும் அங்கே இருந்தன.