கண்ணாடி போட்டதும் காணாமல் போன அருவி

பிள்ளைகளே, என் மகள் ஜெனி மூன்றாம் வகுப்பு படித்தபோது கரும்பலகை தெரியவில்லை என்று கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டாள்.

"போட மாட்டேன் டாடி. இதப் போட்டா கேம்ல அருவியே இல்ல. வெறும் கோடுதான்."

"கொழுப்பா உனக்கு?" என்று அதட்டினேன்.

"நீங்களே வந்து பாருங்க."

முன்பு டிவியில் விளையாடிய வீடியோ கேமை, புதிதாக வாங்கிய செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்திருந்தேன். குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது நிஜம். பழைய டிவி படத்தைக் கொஞ்சம் மங்கலாகக் காட்டும். அருவிக்காக வரைந்திருந்த நீலக் கோடும் வெள்ளைக் கோடும் அதில் கலந்து தண்ணீராக ஓடும். இந்தத் திரையோ ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாகக் காட்டியது. கண்ணாடி இல்லாத அவள் கண்ணுக்கு மட்டும்தான் அது இன்னும் அருவி.

மனைவியின் நைலான் துப்பட்டாவை இரண்டாக மடித்து, துணி கிளிப் மாட்டி, திரைக்கு முன்னால் தொங்கவிட்டேன்.

"நாளைக்குக் கோயிலுக்கு நான் எதப் போட்டுட்டுப் போறது?" என்றாள் மனைவி.

கோடுகள் கரைந்து ஒன்றாகின. "இப்பப் போட்டுப் பாரு கண்ணு" என்றேன்.

ஜெனி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "தண்ணி வந்துடுச்சு டாடி." அப்படியே என் பக்கம் திரும்பி உற்றுப் பார்த்தாள். "உங்க மீசையில நரை இருக்கு. யாருமே சொல்லலயா?"

அப்புறம் அவள் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. பிள்ளைகள் அடம் பிடித்தால், அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் வாயைத் திறக்கிறேன்.