குட்டியின் பாட்டில்

நான்தான் கலந்தேன். கருவில் இருந்த குட்டியின் நிணநீர்ப் பாட்டிலில் தாயாட்டின் நிணநீரை ஊற்றியது இந்தக் கைதான்.

இதை உங்களுக்கு எழுதுவதும் அதே கைதான்... எனக்கே வியப்பாக இருக்கிறது.

ஊட்டிக்கு அப்பால் ஓர் ஆட்டுப் பண்ணையில் உதவியாளராக இருக்கிறேன். பள்ளிப் படிப்போடு சரி. பிறக்காத குட்டியின் உடல் நோயை எதிர்க்க எப்போது கற்றுக்கொள்கிறது என்று ஆராய, கோவையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். சினையாட்டை மயக்கி, வயிற்றைத் திறந்து, உள்ளிருக்கும் குட்டியின் நிணநீர்க் குழாயில் மெல்லிய டியூபைச் செருகித் தைத்துவிடுவார். அதன் மறுமுனை ஆட்டின் விலாவழியே வெளியே வரும். குட்டி உள்ளே வளர வளர, நிணநீர் சொட்டுச் சொட்டாகப் பாட்டிலில் இறங்கும். ஒப்பிட்டுப் பார்க்கத் தாய்க்கும் தனி டியூப், தனிப் பாட்டில். பாட்டில் மாற்றுவது என் வேலை.

ஒரு பனிக்காலையில் விரல் மரத்துப்போய்க் குட்டியின் பாட்டிலைச் சாய்த்துவிட்டேன். பாதிக்கு மேல் வைக்கோலில் போயிற்று.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். வணக்கம் சொல்லவே தயங்குகிற ஆள் நான்...

சேரம்பாடி எஸ்டேட்டில் என் அம்மா கொழுந்து பறித்தவர். நிறுவைக்கு நிற்கும்போது ஒருத்தியின் கூடை குறைந்தால், பக்கத்தில் நிற்பவள் தன் கூடையிலிருந்து ஒரு கை அள்ளிப் போடுவாள். அதை யாரும் தப்பென்று சொன்னதில்லை. இங்கே தாயின் பாட்டில் நிறைந்திருந்தது, பிள்ளையினுடையது குறைந்திருந்தது. ஊற்றினேன். பார்வைக்கு இரண்டும் ஒரே வெளிர்மஞ்சள்.

சில நாள் கழித்து டாக்டரம்மா ஓடி வந்தார். குட்டியின் நிணநீரில் நோய் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதாம்.

"ஆட்டுல தாயோடது சீம்பால் வழியாத்தானுங்க அக்கா குட்டிக்குப் போவும். பொறக்கறதுக்கு முன்னாடி போவாது. அப்ப இது குட்டியே செஞ்சதுங்க."

அது நான் ஊற்றிய தாயின் நிணநீரிலிருந்து வந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை!

அதை உறுதி செய்ய இன்னோர் ஆட்டைத் திறந்தார். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. குட்டியும் வயிற்றிலேயே இறந்தது. அதை வெளியே எடுத்தபோது துணியில் வாங்கிக்கொண்டவள் நான். நனைந்த கம்பளி நூல் மாதிரி சுருள் சுருளாக ரோமம்... என்னால் வந்த சாவு அல்லவா?

மூன்றாவது ஆட்டுக்கு விலாவில் ரோமம் கத்தரிக்கச் சொன்னார். கத்தரியைக் கையில் எடுத்தேன். கை ஓடவில்லை. சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார்.

"ஏனுங்க அக்கா, கொட்டிப் போச்சுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, ஒரு பாட்டில்தானுங்க போயிருக்கும்."

பிறகு, "ஆட்டை அவுத்து விடுங்க," என்றார். திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கண்டுபிடிப்பு என்று மகிழ்ந்து எழுதியதைத் தன் குறிப்பேட்டில் அவரே கோடிட்டு அடித்துவிட்டார்.

அன்று பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிப்போனேன். இறங்க வேண்டிய இடம் தாண்டி, நடுவட்டம் ஸ்டாப்பில் கண்டக்டர் தட்டி எழுப்பினார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம்! திரும்பும் பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில் உடம்பு பஞ்சாயிருந்தது.

அவிழ்த்துவிட்ட ஆடு பிறகு தானாகவே குட்டி போட்டது. அந்தக் குட்டி பட்டியில் துள்ளுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

ஆனால் தீவனத்தோடு நான் போனால், குட்டியை இழந்த அந்த ஆடுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடி வந்து என் கையை முகர்கிறது. விலாவில் தழும்பு இருந்த இடத்தில் ரோமம் வளர்ந்து மூடிவிட்டது. அது எங்கே என்று என் விரலுக்குத் தெரியும்.