லத்தி அள்ள ஒரு வண்டி கேட்டேன், அவ்வளவுதான்

கெலமங்கலம் பக்கத்தில் ஒரு லாயத்தில் ஆறு குதிரைகளுக்கு லத்தி அள்ளுவது நான்தான். இன்று ஓசூர் கடைக்குத் தள்ளுவண்டி வாங்கப் போனேன்.

"ஒத்தச் சக்கரம் வேணாண்ணா, ஈர வைக்கோல் ஏத்துனா சாயுது. ரெண்டு சக்கர வண்டி காட்டுங்க."

கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. என்னோடு வந்த ஆட்டோக்காரரிடம், "உங்களுக்கு எது வேணும் சார்?" என்றார்.

"எனக்கென்னங்க தெரியும்? தள்றது இந்தம்மாதானே!"

அப்போதும் அவரிடமேதான், "கட்டட வேலைக்கே இதான் போகுது சார்" என்று ஒற்றைச் சக்கர வண்டியை உருட்டிக் காட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாங்காமலே திரும்பிவிட்டேன். நாளையும் கூடைச் சுமைதான்.

அடுத்த முறை குதிரையையே கூட்டிப் போகிறேன். அது ஆண் குதிரை. அதையாவது "சார்" என்று கூப்பிட்டு, என்ன வேண்டும் என்று கேட்பார் இல்லையா?