நீந்தத் தெரிந்தவர்கள் மட்டும்

“நீந்திப் பழகுறதுக்கு எங்க பிள்ளைகளை எந்தக் கேணியிலய்யா இறங்க விட்டீக?”

எண்பத்து மூன்றாம் வருடம் தலைமையாசிரியர் அறையில் பேச்சிமுத்து கேட்ட கேள்வி இது. பள்ளிச் சுற்றுலாவுக்கு அப்பாவிடம் வாங்கிய சம்மதக் கடிதத்தோடு வாசலில் நின்ற எனக்கு அன்று பதில் தெரியவில்லை. பதில் தெரிந்த இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் டீயைக் குடித்தார்கள்.

பேச்சிமுத்து, உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் அரசுப் பள்ளியில் பியூன். காலனியிலிருந்து அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள். பத்து வயதில் ஆடு மேய்க்கப் போனவர், வெயில் தாங்காமல் ஒரு தோட்டத்துக் கேணிப் படியில் இறங்கி முழங்கால் வரை நனைத்துக்கொண்டார். புளிய விளாறால் அடித்தார்கள். அந்த அடியைக்கூட அவர் மறந்திருப்பார். ஆனால் சொட்டுத் தண்ணீருக்கு அலைகிற அந்தச் சித்திரையில், இரண்டு நாள் கமலையில் மாடு பூட்டிக் கேணித் தண்ணீர் முழுவதையும் தரிசில் இறைத்துக் கொட்டினார்களே, அதை அவரால் மறக்க முடியவில்லை. எண்பத்து மூன்றில் அந்தக் கேணி விருமாண்டியுடையது. அவர்தான் பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவர்.

அந்த வருடம் பத்தாம் வகுப்பைச் சுருளி அருவிக்கு அழைத்துப் போவதென்று முடிவானது. தலைமையாசிரியருக்கு வீடு மதுரை சிம்மக்கல்லில். அருவியை அவர் காலண்டரில்தான் பார்த்திருந்தார். பஸ் பேசியாயிற்று. புளிச்சோற்றுப் பொட்டலமும் முடிவாயிற்று. கடைசியாக விருமாண்டி தொண்டையைச் செருமினார்.

“தண்ணி விசயம் சார், ஆபத்து. நீச்சத் தெரிஞ்சவன் மட்டும் குளிக்கட்டும். தெரியாதவன் துணிமணியப் பாத்துக்கிறட்டும்.”

தலைமையாசிரியருக்கு இது நியாயமாகவே பட்டது. வகுப்புக்கு வந்து கையைத் தூக்கச் சொன்னார். நாற்பத்து மூன்று பேரில் பதினோரு பேருக்கு நீச்சல் தெரியாது. பதினோரு பேரும் காலனிப் பையன்கள். அதில் ஒருவன் பேச்சிமுத்துவின் மகன் மொக்கைச்சாமி. அருவி மூச்சை அடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு வாரமாக அண்டாத் தண்ணீரில் தலையை முக்கிப் பழகிக்கொண்டிருந்தவன் அவன்.

மறுநாள் டீ கொண்டுபோன பேச்சிமுத்து அறையை விட்டு வெளியே வரவில்லை.

“ஐயா, நான் சுருளிக்குப் போயிருக்கேன். அங்க நீந்துறதுக்கு என்ன இருக்கு? பாறையில நிக்கணும், தண்ணி தலையில விழும், அம்புட்டுத்தான். நீச்சத் தெரிஞ்சவனும் நிக்கத்தானய்யா செய்வான்?”

விருமாண்டி சிரித்தார். “என்னடா பேச்சி, அருவிக்கே பட்டா வாங்கினவன் மாதிரிப் பேசுற?”

“கேணிக்குப் பட்டா வச்சிருக்கீக, சரி. மலையில இருந்து விழுகுற தண்ணிக்குமா வச்சிருக்கீக?”

தலைமையாசிரியர் பேனாவை மூடினார். “ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானப்பா. நான் யார் சாதியையும் எழுதலையே.”

“எழுதலைங்கய்யா. அதான் வயிறு எரியுது. எழுதியிருந்தா கலெக்டர்கிட்டக் கொண்டுபோய்க் காட்டியிருப்பேன்.”

அதற்குப் பிறகுதான் அவர் கேணியைப் பற்றிக் கேட்டார். அறிவிப்புப் பலகையில் அந்த விதியை எழுதச் சொல்லிச் சுண்ணக்கட்டியை நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. தலைமையாசிரியரே போய் எழுதினார்.

சுருளியில் நாங்கள் முப்பத்திரண்டு பேரும் கூச்சல் போட்டுக்கொண்டு அருவிக்குள் ஓடினோம். பதினோரு பேர் எங்கள் துணிகளுக்கு நடுவே பாறையில் உட்கார்ந்தார்கள். காற்றில் பறந்த ஒரு சட்டையை ஓடிப்போய்ப் பிடித்து வந்தான் மொக்கைச்சாமி. விருமாண்டி மகனின் சட்டை. அதை உதறி, மடித்து, பறக்காமலிருக்க மேலே கல் வைத்தான்.

சோற்றுப் பொட்டலங்களைச் சுமந்து கூட வந்திருந்த பேச்சிமுத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் விறுவிறுவென்று அருவிக்கு அடியில் போய் நின்றார்.

“வாங்கடா! எனக்குந்தான் நீந்தத் தெரியாது. செத்தா போயிட்டேன்?”

பதினோரு பேரும் பாய்ந்து வந்தார்கள். மொக்கைச்சாமி மூச்சடக்கவே மறந்துபோய் வாயைத் திறந்து கத்தினான்.

“நம்ம பயலுக எல்லாம் வெளிய வாங்கடா!” எங்களோடு வந்திருந்த விருமாண்டி கரையிலிருந்து அலறினார்.

நாங்கள் வெளியே வந்தோம். நானும்தான் வந்தேன். தண்ணீர் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. அதை இறைத்துக் கொட்ட அவர்களால் முடியவில்லை.

பத்தே நாளில் பேச்சிமுத்துவை டி. கல்லுப்பட்டிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். மாணவர்களின் பாதுகாப்பைக் கெடுத்தார் என்று காகிதத்தில் காரணம் எழுதியிருந்தார்கள். எத்தனை யோக்கியமான காகிதம்!

எங்கள் ஊரில் இன்று இந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்கிறார்கள். பியூன் குடித்துவிட்டு அருவியில் ஆட்டம் போட்டானாம். எனக்குத் தெரிந்து அவர் டீயைத் தவிர வேறெதையும் குடித்ததில்லை. இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து நாலு பேரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். சொல்லும்போது அந்தக் கேணிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.