தும்மல் மேடம்

பாட்டிலின் மூடியைத் திறந்து, முகக்கவசத்தை ஒரு விரலால் மூக்குக்குக் கீழே இறக்கி, தைலத்தை ஆழமாக முகர்ந்து பார்க்கிறார். கண்ணில் நீர் முட்டுகிறது. நிம்மதியாக மூடியைத் திருகி வைத்துவிட்டு, மேடம் போனில் அடுத்த எண்ணை அழுத்துகிறார். ஆட்டக்காரர்களின் சுளுக்குக்கென்று வாங்கிய தைலம் அது. மைதானம் பூட்டிக் கிடப்பதால் இப்போது யாருக்கும் சுளுக்கு இல்லை. இந்த நோய் வந்தால் முதலில் வாசனை போய்விடும் என்று யாரோ சொன்னார்களாம். அன்றிலிருந்து ஒவ்வொரு போனுக்கு முன்பும் மேடம் தன் மூக்கைச் சோதித்துக்கொள்கிறார்.

அவர் எங்கள் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை. தொற்று பரவி மைதானத்துக்குப் பூட்டு விழுந்ததும், இப்போது சும்மா இருப்பவர் யார் என்று நிர்வாகம் யோசித்தது. 'நலப்பிரிவு' என்று ஒரு பலகை எழுதி அவர் அறை வாசலில் மாட்டிவிட்டது. மாணவரோ பணியாளரோ, யாருக்குத் தொற்று உறுதியானாலும் அவரைக் கூப்பிட்டு, யார் யாரோடு பழகினார் என்று விசாரிக்க வேண்டும். அந்த யார் யாரையெல்லாம் கூப்பிட்டுத் தனியே இருக்கச் சொல்லி, சோதனைக்கு வரவழைக்க வேண்டும். இதுதான் வேலை. அறை என்னவோ பழைய அறைதான். காற்றிறங்கிய பந்துகள், சுருட்டிய வலைகள், உயரம் தாண்டுகிறவர்கள் வந்து விழும் மெத்தை, நடுவில் ஒரு மேஜையும் போனும். தும்மல் மேடம் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் விடுதியில் பாதிப் பேர் போனை எடுக்கவே தயங்குவார்கள்.

எங்கள் ஆசிரியர் அறையை நோயாளிகளுக்காக எடுத்துக்கொண்டதால், மொழித்துறைக்காரனான நான் மேடத்தின் அறையை ஒட்டி, ஒரு பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் குடியேறினேன். மைதானத்தின் மறுகோடி வரை எட்டிப் பழகிய குரல் அவருடையது. எவ்வளவு தாழ்த்தினாலும் பலகையைத் தாண்டி வந்துவிடும். ஆனால் ஒருவர் பெயரைக்கூட அவர் உச்சரித்து நான் கேட்டதில்லை. கேள்விகள் மட்டும்தான் காதில் விழும். ஒட்டுக்கேட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். கொஞ்சம் கேட்டேன்தான்.

அவர் விசாரிக்கும் முறையே தனி. யாரைப் பார்த்தாய் என்று கேட்டால் யாரையும் பார்க்கவில்லை என்றுதான் பதில் வரும். ஆகவே, "மாஸ்க்கை எங்கெங்க கழட்டினே? அதை மட்டும் சொல்லு" என்பார். சாப்பிட, டீ குடிக்க, செல்ஃபி எடுக்க, சிகரெட் பிடிக்க, சண்டை போட என்று மனிதர்கள் முகத்தைத் திறக்கிற இடங்களெல்லாம் அவருக்கு அத்துப்படி. நோய் வந்தவர் இன்னார் என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் சொல்லமாட்டார். திங்கட்கிழமை கேன்டீனில் யாரோடு உட்கார்ந்தாய் என்று கேட்டாலே போதும், எதிர்முனையில் இருப்பவன் ஆளைக் கண்டுபிடித்து விடுதி முழுக்கப் பரப்பிவிடுவான். அதனால் எந்த நாள், எந்த மேஜை என்று நன்றாகத் தெரிந்திருந்தாலும், தெரியாதவர் போல முழு வாரத்தையும் ஒப்பிக்கச் சொல்வார். அந்த மேஜை வரும்போதுகூட அவருடைய "ம்" மாறாது.

பொய்யும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. தனியாகத்தான் சாப்பிட்டேன் என்று ஒரு மாணவன் சாதித்தான். "தனியா இருந்தவன் எதுக்குப்பா விழுந்து விழுந்து சிரிச்சே?" என்றார். கேன்டீன்காரர் சொல்லியிருக்க வேண்டும். காதலிக்கும் பெண்பிள்ளைகளிடம் குரல் இன்னும் இறங்கும். வீட்டுக்குத் தெரியாது, உன் பெயர் என் வாயிலிருந்து வராது, அவனை மட்டும் சொல்லிவிடு, அவன் வீட்டிலும் ஒரு அம்மா இருப்பாள் அல்லவா என்பார். பிள்ளைகளாவது கடைசியில் வழிக்கு வந்துவிடும். பேராசிரியர்கள்தான் மோசம். துறைத்தலைவர் ஒருவர், தூங்கும்போதுகூடத் தான் மாஸ்க்கைக் கழற்றுவதில்லை என்று மேடத்தின் காதில் பூச்சுற்றினார். அந்த வாரம் பிறந்தநாள் கேக் வெட்டி வாயில் ஊட்டிக்கொண்ட படத்தை வாட்ஸ்அப்பில் போட்டவரும் அவரேதான்.

தனிமையில் இருப்பவர்களைக் காலையில் கூப்பிட்டு, "மூச்சு விடாம எண்ணு பாக்கலாம்" என்பதும் உண்டு. ஓட்டக்காரர்களுக்கு வைத்த பழைய பயிற்சி. அவன் எண்ண எண்ண, இந்தப் பக்கம் மேடம் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே வருவார். ஒருநாள் தட்டல் சட்டென்று நின்றது. எதிர்முனையில் ஒரு பெண் எண்ணத் தொடங்கிய சூட்டிலேயே நின்றுவிட்டாள். போனை அப்படியே போட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் விடுதியைப் பார்த்து ஓடினார். ஆம்புலன்ஸ் வந்தது, அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். ஆனாலும் அதற்குப் பிறகு காலையில் அந்தத் தட்டல் கேட்கத் தொடங்கினால் நானும் கூடவே எண்ணத் தொடங்கிவிடுகிறேன்.

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் கல்லூரிக்குப் பின்னால், பணியாளர் குடியிருப்பில் இருக்கிறது. அவருடைய கணவர் நில அளவையாளராக இருந்தவர். சிறுநீரகம் பழுதாகி நாளை எண்ணிக்கொண்டிருந்தவருக்கு, மேடம் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்துப் பிழைக்க வைத்தார். வந்து சேர்ந்த சிறுநீரகத்தை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க அவர் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே அமுக்கி வைக்கிறது. இந்த நோய் வந்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்.

எனவே மேடம் வேலை முடிந்து போனதும் பின்கட்டில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறார். படுக்கை கூடத்தில். சாப்பாடு வேறு வேளையில். ஒருவர் அறைக்குள்ளும் ஒருவர் வெளியிலுமாக நின்று கதவிடுக்கு வழியே பேசிக்கொள்கிறார்கள். "வீட்டுக்கு அது வரணும்னா நான்தான் தூக்கிட்டு வரணும் சார். அதுக்கு வேற வழியே கிடையாது" என்று என்னிடம் அடிக்கடி சொல்வார். ஊர் முழுக்க விசாரித்தவர் தன் வீட்டை மட்டும் விசாரிக்காமல் விட்டுவிட்டார்.

போன வாரம் வாயிற்காவலருக்குக் காய்ச்சல் கண்டது. உள்ளே வருகிற ஒவ்வொருவர் நெற்றிக்கும் வெப்பமானியை நீட்டுகிறவர் என்பதால் பிள்ளைகள் அவரைத் துப்பாக்கி அண்ணன் என்பார்கள். உடம்பு கணகணவென்று இருக்கவே, அதைத் தன் நெற்றிக்கே திருப்பிப் பார்த்திருக்கிறார். சோதனையில் தொற்று உறுதியானது. வாயிலைக் கடந்துவந்த நாங்கள் எல்லோரும் எங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டோம். காலையில் அவரோடு நின்று ஊர்வம்பு பேசுகிற பழக்கம் எனக்கும் உண்டு என்பதால் சோதனைப் பட்டியலில் நானும் இருந்தேன்.

அவரோடு மேடம் பேசியது வழக்கம் போலத்தான் தொடங்கியது. ம், ம் என்று பலகையைத் தாண்டி வந்துகொண்டிருந்த குரல் ஓரிடத்தில் நின்றுபோயிற்று. "எத்தனை நாளா?" என்றார். பிறகு, "டீ?" என்றார். அப்புறம், "சரிங்கண்ணே. நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க, உடம்பைப் பாத்துக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். விசாரணையை அவர் பாதியில் முடித்து நான் கேட்டதில்லை. உடனே இன்னொரு எண்ணை அழுத்தும் சத்தம்.

"நலப்பிரிவுல இருந்து பேசறேன். விளையாட்டில்லைங்க, ஆபீஸ் போன்தான். இந்த வாரம் பூரா மாஸ்க்கை எங்கெங்க கழட்டினீங்க? திங்கட்கிழமையிலேர்ந்து சொல்லுங்க."

பேசுவது கணவரோடு என்று எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. சரி, செவ்வாய்? சரி, புதன்? இப்படியே வாரம் முடிந்தது. "வீட்டைவிட்டு எங்கேயும் போகலை. அப்படித்தானே?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல், "திங்கட்கிழமை" என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தமுறை குரல் மைதானத்துக் குரலாக இல்லை. இரண்டாம் சுற்று செவ்வாயைத் தாண்டவில்லை.

வெளியே வந்து வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன மேடம் என்று கேட்டேன்.

"வீட்டுக்காரர் எனக்குத் தெரியாம தினம் வெளியே போயிருக்காரு சார். அவரு மட்டும் போயிருந்தாக்கூடப் பரவாயில்லை. என் கிட்னியையும் கூட்டிட்டுப் போயிருக்காரு."

சிரிக்க வேண்டுமா என்று தெரியாமல் விழித்தேன். மேடம் சிரிக்கவில்லை. அதைப் பார்த்து நானும் பயந்துபோனேன்.

மிச்சக் கதையை அந்தக் கணவரே சொன்னார். டாக்டர் குறித்த நாளில் கூடைப்பந்துத் திடலில் சோதனை நடந்தது. ஓட்டப்பந்தயக் கோடு போடுகிற சுண்ணாம்புத் தூளால் மேடம் திடலெங்கும் வட்டம் வட்டமாகப் போட்டு, ஆளுக்கொன்றாக நிற்க வைத்திருந்தார். அந்தக் கணவருக்குப் பின்னால் இருந்த வட்டம் எனக்கு வாய்த்தது. ஒல்லியான மனிதர். நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நின்றார்.

"நாள் பூரா வெயில்ல நடந்த காலு சார். மூணு ரூமுக்குள்ள எவ்வளவுதான் நடக்கறது?" என்றார். மேடம் கிளம்பியதும் பின்வழியாக வாயிற்கூண்டுக்குப் போய், துப்பாக்கி அண்ணனோடு செஸ் ஆடிவிட்டு, மேடம் திரும்புவதற்குள் வந்து நல்ல பிள்ளையாக உட்கார்ந்துவிடுவாராம். மாஸ்க் போட்டுத்தான் ஆடினார்களாம். நடுவில் டீ மட்டும். டீயைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கிறவர் அவர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"யாருக்கு வந்திருக்குன்னு இதுவரைக்கும் அவ வாயைத் திறக்கலை சார். நான் பழகினதே ஒரே ஆளோடதான். எனக்குத் தெரியாதா? முதல் தடவை பொய்தான் சொன்னேன். மறுபடியும் திங்கட்கிழமையிலேர்ந்து ஆரம்பிச்சா பாருங்க, அப்பத்தான் உறைச்சுது, அவளுக்கு எல்லாமே தெரியும்னு. நானா சொல்லணும்னு காத்திருந்திருக்கா." மறுபடியும் கால் மாற்றி நின்று, "திட்டியிருந்தா தேவலை" என்றார்.

சொல்லி முடித்ததும் இருமினார். வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. தொண்டை வறட்சி என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு விளக்கம் சொன்னார். வரிசையின் முன்கோடியில் நின்ற மேடம் மட்டும் திரும்பவில்லை. காலையிலிருந்தே அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கணவர் தன் முறை வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முழுப் பாதுகாப்பு உடுப்புக்குள் இருந்த நர்ஸ் குச்சியை மூக்கருகே கொண்டுபோனதும் தலை தானாகப் பின்னால் போயிற்று. மறுபடியும் அப்படியே. ஆஸ்பத்திரியில் பட்ட பாட்டையெல்லாம் அந்தக் கழுத்து மறந்திருக்காது. அசையாதீங்க சார் என்று நர்ஸ் கெஞ்சிக்கொண்டிருந்தபோது மேடம் விறுவிறுவென்று வந்தார். நாற்காலிக்குப் பின்னால் நின்று, கையுறை போட்ட இரண்டு கைகளாலும் கணவரின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டார். தள்ளி நிற்கும்படி நர்ஸ் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. குச்சி உள்ளே போய் வந்தது. நர்ஸ் அதைக் குழாய்க்குள் போட்டு மூடி, அடுத்த ஆள் வரலாம் என்றார்.

அடுத்த ஆள் நான்தான். வட்டத்தை விட்டு நாற்காலி வரை போய் நின்றேன். மேடம் இன்னும் கையை எடுக்கவில்லை.